பந்தக்கால் தலையாட்டிய படம்

1912 ஜூன் 19, புதன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் சாலோமி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது; மறதியும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக, ஊர் ஊராய்ப் போய்ப் போட்டோ எடுக்கும் காசிலிங்கம் அண்ணாச்சியின் படப்பெட்டியைச் சுமக்கிறேன். இன்று சுமந்தபடியே கேட்டுவிட்டேன்: நாகசுரக்காரர் சங்கிலிபூதத்தானை, அவர் வாசிக்கும்போதே நான் படம் எடுக்கட்டுமா?

அண்ணாச்சி சிரித்ததில் வெற்றிலைச் சாறு என் வேட்டியில் தெறித்தது. "நாலு எண்ணுத வரைக்கும் அசையாம இருக்கணும்வே. வாசிக்கவன் சும்மா இருப்பானா? பொணத்தைத்தான் அப்படி எடுக்கலாம்." பிறகு, "மூணு கண்ணாடித் தகடு தாரேன். மூணும் பாழாப்போச்சுன்னா சாகுத வரைக்கும் பெட்டிதான். வாயத் தொறக்கப்படாது" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் திருவிழாப் பந்தல். முதல் தகடு. சங்கிலிபூதத்தானுக்கு இரண்டு தலை. தவில்காரர் பாபநாசத்துக்குக் கையே இல்லை.

"என் கைய எங்கவே?" என்று பாபநாசம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம் பொஞ்சாதி இதைப் பாத்தான்னா சோறு ஊட்டிவிட வந்துருவாவே!"

ஜூன் 22

என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார்.

ஜூன் 23, ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவே ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நாங்குநேரித் தேரில் இதே சங்கிலிபூதத்தான் தோடி வாசித்தார். மேலே ஏறி, ஒரே சுரத்தைப் பிடித்து நின்றார். கண் மூடியிருந்தது. கன்னம் இரண்டும் பணியாரம். தவிலும் நின்றுவிட்டது. நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்ட பிறகும் அந்தச் சுரம் முடியவில்லை. நாலு எண்ண அது போதாதா?

"தோடி!" என்று கத்திவிட்டேன் போல. போதகர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

ஜூன் 24, திங்கள்

தோடி வாசிக்கச் சொல்லிவைத்தேன். சுரம் ஒரே இடத்தில் நின்றது, பெட்டியின் கண்ணிலிருந்த மூடியைத் திறந்தேன், நாலு எண்ணி மூடினேன். இரண்டாம் தகடு.

எல்லாம் கலங்கல். அவங்க ரெண்டு பேரும் அசையவே இல்லையே — நான் பாத்தேனே! பெறகு என்ன எழவு இது?

ஜூன் 25

சாலோமி படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "மாமா, ஆளு ஆடலாம். பந்தக்கால் எப்படித் தலையாட்டும்?"

பிறகு என் காலைப் பார்த்தாள். அது அப்போதும் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நேற்று நாலு எண்ணினேன் அல்லவா? காலால் எண்ணியிருக்கிறேன். படப்பெட்டி நிற்கும் முக்காலியின் ஒரு காலை மிதித்து.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஜூன் 27, வியாழன்

கடைசித் தகடு. சாலோமி என் கால் இரண்டையும் துண்டால் கட்டினாள். சந்தைக்கு வந்த ஆடு மாதிரி நின்றேன். அண்ணாச்சி தோளில் சரிகைத் துண்டோடு வேடிக்கை பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "பெட்டி தூக்கச் சும்மாடு கொண்டாந்தீராவே?" என்றார்.

சங்கிலிபூதத்தான் தோடியில் ஏறினார். நின்றார். மூடியைத் திறந்தேன். கால் துடித்தது, துண்டு விடவில்லை. வாய்க்குள் எண்ணினேன். மூடினேன். விழுந்தேன்.

ஜூன் 29, சனி

சங்கிலிபூதத்தானின் கன்னத்தில் வேர்வைத் துளிகூடத் தெரிகிறது. பாபநாசத்துக்குப் பத்து விரலும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொண்டார். பந்தக்கால் நேராக நிற்கிறது. முன்வரிசையில் ஒருவருக்கு மட்டும் தலை இருக்கவேண்டிய இடத்தில் புகை.

"இது ஆருவே, சபையில இந்த ஆட்டம் ஆடுத பய?" என்றார் அண்ணாச்சி.

"தோள்ல கெடக்க சரிகைத் துண்டைப் பாருங்க, அண்ணாச்சி."

ஜூலை 2, செவ்வாய்

திசையன்விளையில் ஒரு கல்யாணக் கச்சேரியைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து பந்தல் வரைக்கும் அண்ணாச்சிதான் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தார். உள்ளே நாகசுரம் தொடங்கியதும் அவர் தலை ஆடியது. பெட்டியும் ஆடியது.

"பைய, அண்ணாச்சி, பைய" என்றேன்.