ஒரு டிகிரி உப்பு

மரக்காணம்
18.4.2025

என் அக்கா பெற்ற அருள்மொழிக்கு,

உன் தாய்மாமன் சடையப்பன் எழுதிக்கொண்டது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ சுகமா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாய். என் நம்பரைத்தான் பிளாக் பண்ணிவிட்டாயே. அதனால் போஸ்ட் ஆபீஸ் போய் கவர் வாங்கினேன். இந்தக் காலத்தில் கவர் வாங்குகிற ஆளா என்று அங்கிருந்த பெண் எழுந்து நின்று பார்த்தது.

உன் நிச்சயதார்த்தப் பந்தியில் சாம்பார் வாளியோடு நான் குனிந்தேன். மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அது உன் வருங்கால மாமனார் ஐயப்பனின் இலையில் விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரில் ஒரு குடம் என்கிறார்கள், அது பொய். ஒரு சொட்டுக்கு அந்த மனுஷன் எழுந்தார், அவரோடு வானூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக் கூட்டமே கை கழுவப் போய்விட்டது.

இந்த ஒழுக்கு மாசியிலிருந்து இருக்கிறது. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை நாலு பேர் சுற்றினாலும் ஓடாது, நான் சுற்றினால் ஒரே சுற்று. அந்தப் பொறாமையில் அன்று அது எதிர்ப்பக்கம் சுற்றியது. ஹேண்டில் பனை உயரம் பறந்து வந்து என் இரண்டு புருவத்துக்கும் நடுவில் இறங்கியது. வேறொருவன் என்றால் அன்றே பாடை. நான் எழுந்து இன்ஜினை ஓடவிட்ட பிறகுதான் மயங்கினேன். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டு, ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்கள். இரும்பே தோற்ற மண்டைக்கு எதற்கு ஸ்கேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆவணியில் உன் கல்யாணத்தில், தாய்மாமன் முறைக்கு உன் நெற்றியில் பட்டம் கட்டப்போவது நான்தானே? அதற்கு மட்டும் பதில் போடு.

உன் மாமன்
சடையப்பன்


புதுச்சேரி
23.4.2025

மாமாவுக்கு,

போனில் பேசினால் கதை கேட்கவேண்டும். அதனால் நானும் எழுதுகிறேன்.

ஒரு சொட்டோ ஒரு குடமோ, அந்த இலையை நான் பார்த்தேன். அன்றிலிருந்து சாம்பார் வாசம் வந்தாலே குமட்டுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் செய்தது இன்னும் மோசம். எல்லோரும் பார்க்க வாசலில் நின்று, கட்டைவிரலால் ஒரு பக்கத்தை அடைத்துச் சிந்தினீர்கள். வேட்டியில் துடைத்தீர்கள். அதே கையோடு எனக்குத் திருநீறு பூச வந்தீர்கள்.

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். பட்டம் நீங்கள் கட்டக்கூடாது. நான் சரி என்றுவிட்டேன். எனக்கும் அதுதான் நிம்மதி.

சளிக்கு மருந்து சாப்பிடுங்கள்.

அருள்மொழி


மரக்காணம்
28.4.2025

அருளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை உன் அத்தை செல்லம்மாள் பிடுங்கிக்கொண்டாள். அவளும் உன் கட்சிதான். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "தட்டுல ஒழுவுதுய்யா, அந்தாண்ட போய்த் தின்னு" என்று என்னை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்புகிறாள். மாடும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. காலையில் பார்த்தால் தலையணை நனைந்து, காய்ந்து, ஓரத்தில் வெள்ளையாகக் கோடு போட்டிருக்கிறது.

ஆனால் சளி என்று எழுதினாயே, அதை ஏற்கமாட்டேன். உப்பு வாருகிறவன் மூக்கில் தூசி அடையும். வரப்பில் நின்று சிந்துவான். அங்கே கைக்குட்டை வைத்திருக்கிறவன் யார்? நானும் தூசி என்று நினைத்து நாளைக்கு நூறு தடவை சிந்துகிறேன். அந்த வேகத்தில் சட்டைப்பை போன் பாத்தியில் விழுந்து செத்தும் போனது. சிந்தச் சிந்த மண்டைக்குள் பொளக் பொளக் என்கிறது. தலையை ஆட்டினால் பாதி குடித்த இளநீரை ஆட்டுகிற மாதிரி சத்தம். வலியும் அதிகம், ஆனால் நான் சொல்லிக்கொள்கிறவன் இல்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், கூசாதே. அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலாளி கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கிற உப்பு டிகிரியை நுனிநாக்கில் சொல்கிறவன் இந்த உப்பளத்தில் நான் ஒருவன்தான். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இது ஒரு டிகிரி. பிசுக்கு இல்லை, கொழகொழப்பு இல்லை, சுத்தமான தண்ணீர். குனிந்தால் மட்டும்தான் வரும். சளி அப்படியா இருக்கும்?

என்னை அருவருத்துக்கொள். சளிக்காரன் என்று மட்டும் சொல்லாதே.

சடையப்பன்


புதுச்சேரி
1.5.2025

மாமா,

இதைக் கொண்டுவந்திருப்பவர் பிரபு. நிச்சயத்தில் பார்த்தீர்களே, நான் கட்டிக்கொள்ளப்போகிறவர். கார் எடுத்து வந்திருக்கிறார். கதை சொல்லிக்கொண்டு நிற்காமல் அவரோடு ஏறுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன்.

நாக்கில் வைத்த இடத்தைப் படித்ததும் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளிக்கும்போதுதான் உறைத்தது. நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் விபத்துக் கேஸ்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அது மூக்குத் தண்ணீராக இருக்காது, மூளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர். நெற்றி எலும்பு உடைந்த வழியாகக் கீழே வருகிறது. நீங்கள் சிந்தும்போதெல்லாம் அதே வழியாகக் காற்று மேலே ஏறுகிறது. கிருமியும் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனியாதீர்கள், எதையும் தூக்காதீர்கள். உங்கள் பையை அத்தை தூக்கட்டும்.

அருள்


ஆஸ்பத்திரி, புதுச்சேரி
24.5.2025

அருளுக்கு,

நீ தினமும் வந்துதான் போகிறாய். ஆனாலும் நேரில் வராத வார்த்தை எனக்குத் தாளில் வருகிறது. அது நீ பழக்கிவிட்டது.

ஸ்கேன் படத்தில் மண்டைக்குள் கறுப்பாக இருப்பதெல்லாம் காற்று என்றார் டாக்டர். லாரி டயருக்கே போதும் என்று வார்டில் சொல்லிவைத்திருக்கிறேன், நீ மறுக்காதே. ஆபரேஷனில் எலும்பு ஓட்டையை அடைக்கத் தொடையிலிருந்து கொழுப்பெடுத்து உள்ளே வைத்தார்களாம். என் தொடை என் நெற்றிக்குள் இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஐயப்பன் ஆப்பிளோடு வந்தார். அது சளி இல்லை, மூளைத் தண்ணீர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சளின்னாகூட மனச தேத்தினு இருப்பேன்யா" என்றார். நேரே வாஷ்பேசினுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

இனி எழுதுவதில் கூட்டல் இல்லை. ஹேண்டில் பனை உயரம் பறக்கவில்லை. நான் எழுந்து இன்ஜினை ஓட்டவும் இல்லை. சேற்றில் உட்கார்ந்து உன் அம்மாவை, அக்கா அக்கா என்று கூப்பிட்டு அழுதேன். ஸ்கேனுக்குப் போகாததும் பயத்தால்தான். அந்தப் பயம்தான் உன் பந்தியில் சொட்டாக விழுந்தது.

பட்டத்தை நிச்சயத்துக்கு முன்பே திண்டிவனத்தில் வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். அவர்கள் சொல்கிற ஆள் கட்டட்டும். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டேன்.

சடையப்பன்


புதுச்சேரி
26.5.2025

மாமா,

பட்டம் வந்தது. அதே நூலோடு இந்தக் கவரில் திருப்பி வைத்திருக்கிறேன்.

அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் அது உங்கள் கதை மாதிரி ஆகிவிடும். போகவில்லை. உங்கள் கவரைக்கூட விரல்நுனியால்தான் பிரித்தேன். ஆனால் கூசாமல் அதை நாக்கில் வைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான், அதனால்தான் இன்றைக்கு இருக்கிறீர்கள்.

மேடையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். நீங்கள் குனியவேண்டாம். நான் கீழே உட்கார்ந்து நெற்றியை நீட்டுகிறேன், நீங்கள் கட்டுங்கள். பிரபு அவர் அப்பாவிடம் பேசிவிட்டார். பார்க்கக் கூசினால் அந்த நேரம் வெளியே காற்று வாங்குவாராம். பந்தியில் சாம்பார் கிடையாது.

உங்கள் சிம்மை வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் மறுபடி ஏதாவது வடிந்தால் உடனே எனக்கு போன் பண்ணுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டேன்.

நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அருள்