பஞ்சுக்கு நடுவே கட்டிய பாட்டு

மதினி,

இன்று காலை தலையணைகளை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டேன். ஒன்றில் தையல் விட்டிருந்தது போலிருக்கிறது. தட்டியதும் இலவம்பஞ்சு குபுக்கென்று கிளம்பி முகத்தில் அப்பியது. என் கை தானாகவே முந்தானையை இழுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டது. பஞ்சுக் கிட்டங்கி வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. உங்களுக்கு அது கடைசிவரை வரவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலையில் கிடந்தார். சனிக்கிழமை ஜீப்பில் இடம் கிடைத்தால் இறங்குவார், கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. சிலமலை வீடு முழுக்க உங்கள் தலையில். தண்ணீர், அடுப்பு, பால்குடி மறக்காத சின்னவள், பள்ளிக்கூட லீவில் தெருவைச் சுற்றும் பெரியவன். பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நாம் இருவரும் போடிக்கு பஸ் ஏறுவோம். பங்குனி பிறந்தால் இலவங்காய் உடைக்கிற வேலை, வைகாசி வரை ஓயாது. காற்றுப் பட்டால் பஞ்சு பறந்துவிடும் என்று கிட்டங்கியின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு காயை உடைப்போம், பஞ்சைக் கோலால் அடித்து விதையைப் பிரிப்போம்.

நம் தெருவுக்கு வருடா வருடம் கோயில் திருவிழாவில் முளைப்பாரிக்குப் புதுக் கும்மிப் பாட்டு வேண்டும். கட்டுகிறவர் நீங்கள். எழுதத் தெரியாது. வாய்விட்டுப் பாடிப் பார்த்தால்தான் உங்களுக்கு அடுத்த அடி வரும். வீட்டில் வாயைத் திறந்தால், "ஒல கொதிக்கிறது தெரியாம என்னத்தா மொணங்குற?" என்பாள் அம்மா. சின்னவள் வேறு அழுவாள். பாட்டுக் கட்ட உங்களுக்கு வாய்த்த இடம் அந்தக் கிட்டங்கி ஒன்றுதான். கை தன் போக்கில் காயை உடைக்கும். நீங்கள் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பாடுவீர்கள்.

"மதினி, வாயக் கட்டுங்க. பஞ்சு பூராம் உள்ள போகுது."

"கட்டிக்கிட்டு எப்படிப் புள்ள பாடுறது? சாயங்காலம் கருப்பட்டியக் கடிச்சா எல்லாம் வயித்துக்கு எறங்கிரும். நீ அடியப் புடிச்சுக்கோ, மறந்துராத."

கருப்பட்டி தின்றால் ஒட்டிய பஞ்செல்லாம் போய்விடும் என்று அங்கே எல்லாரும் நம்பினோம். பஸ்சுக்கு நிற்கும்போது வாங்கி, பாதியைப் பிட்டு உங்கள் கையில் வைப்பேன். வயிற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு வேறு வழி என்று நமக்கு யார் சொன்னார்கள்?

ஏலமலை மஞ்செறங்கி ஈரத்தோட வாராதோ
வாடிநிக்கும் எங்க மொளை வாய்நனைக்கத் தாராதோ

முதல் அடி ஒரே மூச்சில் வந்துவிட்டது. இரண்டாவதில் 'வாடிநிக்கும்' என்றதும் இருமல் பிடித்துக்கொள்ளும். நின்று, மூச்சு வாங்கி, மிச்சத்தைப் பாடுவீர்கள். சித்திரை முழுக்க அப்படித்தான் பாடினீர்கள், அப்படியேதான் நானும் மனப்பாடம் செய்தேன்.

திருவிழா அன்று உங்களால் குனிந்து நிமிர முடியவில்லை. சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான்தான் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். உங்கள் உதடு மட்டும் கூடவே அசைந்தது. அன்றைக்கு ஜீப்பு கிடைத்து அண்ணன் வந்திருந்தார். "நல்லாத்தான் கட்டிருக்க" என்றார். அதற்கு உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன்.

மார்கழியில் போய்விட்டீர்கள். துட்டி கேட்க வந்தவர்கள், "பாடிப் பாடியே நெஞ்சக் கெடுத்துக்கிட்டா" என்றார்கள். அண்ணனும், "அந்தப் பாட்ட விட்டுத் தொலைச்சிருந்தா பிள்ளைகளுக்கு ஆத்தா இருந்திருப்பா" என்றார். பஞ்சை விட்டிருந்தால் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அந்தக் கூலியில்தானே அடுப்பு எரிந்தது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் மேலும் உண்டு. அந்த ஒரு வருடம் பழைய பாட்டையே பாடியிருந்தால் தெரு என்ன குறைந்தா போயிருக்கும் என்று உங்களிடம் சண்டை பிடிப்பேன். பிறகு, உங்களுக்கென்று அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது என்று நானே ஓய்ந்துவிடுவேன்.

அதன்பின் நம் தெருவில் பாட்டுக் கட்ட ஆள் இல்லை. உங்களுடையதையே பாடுகிறோம், சொல்லிக் கொடுப்பவள் நான். போன திருவிழாவில் உங்கள் சின்னவள் கேட்டாள். அவளுக்கே இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

"அத்தே, 'வாடிநிக்கும்'னதும் எதுக்கு நிப்பாட்டுறோம்? அந்த எடத்துல கையுங்கூடத் தட்டுறதில்லையே."

"பாட்டே அப்படித்தான்த்தா" என்றேன்.

அவளும் சரியென்று வட்டத்துக்குள் போய்விட்டாள். 'வாடிநிக்கும்' வந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் கையை இறக்கினார்கள், நின்றார்கள், ஆழ மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாடினார்கள். நீங்கள் இருமிய இடத்தில் உங்கள் மகளும் நின்று மூச்சு வாங்கினாள், மதினி.