ஒரு சொல்லை அடித்தால் போதும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூட்டு வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் நான் கேட்டுக்கொள்வது.

போனில் பேசியது போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய். சாப்பிட்டாயா என்றால் இங்கே மழையில்லை என்கிறாய். லைன் சரியில்லை என்று சொல்லி நீயே வைத்தும் விடுகிறாய். எழுதினால் நடுவில் லைன் கிடையாது. நான் சொல்வதை முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆலை மேற்பார்வையாளர் மறுபடி வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, ரொம்ப மரியாதையாக உட்கார்ந்து, உன் அப்பா விபத்தைப் பற்றின காகிதத்தை எடுத்து நீட்டினார். கட்டை விரலுக்கு மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆலையில் மூடி மேசையில் சேர்ந்தபோது தெரியாதுதான். நிரப்பின பீப்பாயின் வால்வு மேல் மூடி போட்டு அழுத்துவது என் வேலை. எந்தப் பானத்துக்கு எந்த மூடி என்று பக்கத்தில் இருந்தவளை எத்தனை தடவை கேட்பது? மூடியில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"சக தொழிலாளி எச்சரித்தும் அதை அலட்சியம் செய்து, பீப்பாயில் கேஸ் இருக்கும்போதே வளையத்தைக் கழற்றினார்." இதுதான் எழுதியிருந்தது. மற்றதெல்லாம் தேதியும் இலாகாப் பெயரும்.

அலட்சியம் என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அது அலுவலக வழக்கம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வழக்கம் என்றால் உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குத்தான் நீ போனில் கோபப்பட்டாய். "போட்டுத் தொலைம்மா, போட்டுட்டு இங்க வந்து சேரு"ன்னு சொன்னாய். உன் அப்பா விஷயத்தில் தொலைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? ஆளே போய்விட்டார். பெயர் ஒன்றுதான் மிச்சம். அந்தச் சொல் இருக்கிறவரை நான் இந்த வீட்டுப் பூட்டைத் தொட மாட்டேன். நீ உருட்டினாலும் சரி, மிரட்டினாலும் சரி.

அவர் வேலை செய்த விதம் உனக்குத் தெரியாதா? திரும்பி வந்த பீப்பாயை மேசையருகே நிறுத்துவார். மூடியின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, ஈரத் துணியால் வால்வைத் துடைப்பார். வால்வைத் திறக்கிற கப்ளரை வைத்துத் திருகி, கைப்பிடியை அழுத்துவார். உள்ளே தங்கின கேஸ் சீறிக்கொண்டு வெளியே வரும். அவர் குனிந்து, காதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. சீறல் முழுக்க அடங்கின பிறகுதான் கப்ளரை எடுப்பார். பிறகுதான் வால்வைப் பிடித்திருக்கிற வளையத்தைக் குறடால் நெம்புவார். கேஸ் இருக்கும்போது வளையம் கழன்றால் நடுக்குழாய் துப்பாக்கிக் குண்டு மாதிரி எகிறும் என்று எனக்கும் உனக்கும் சாப்பாட்டுத் தட்டைத் தட்டித் தட்டிச் சொன்னவர் அவர். சுவரில் கேஸ் மீட்டர் மாட்டியிருந்தார்களாம், அவர் அதைப் பார்க்கவில்லையாம். அந்த மீட்டர் நேற்று வந்தது. அவர் காது அதற்கு எத்தனையோ காலம் முன்னால் வந்தது. அப்படிப்பட்ட மனிதரை அலட்சியக்காரர் என்று எழுத அவர்களுக்குக் கை வந்ததே.

மற்றபடி, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற ஆள் தேடினேன். வால்வுக்காரர் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று கீழ் வீட்டுக்காரி சிரித்தாள். பிறகு அவளே வாய் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொசு அதிகம். உன் அப்பா இருந்தவரை, கொசு தன்னை அண்டாது, தன் ரத்தத்தில் கேஸ் ஏறிவிட்டது என்று பெருமை அடிப்பார். கை முழுக்கத் தடிப்பு இருக்கும், ஆனால் கொசு வந்ததே தெரியாது என்று சாதிப்பார். இப்போது மொத்தமும் என்னைத் தேடி வருகின்றன.

மருமகள் போன வாரம் தனியாகப் பேசினாள். நீ அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். குழந்தை அழுதால்கூட எழுந்திருப்பதில்லையாம். என்னை அலட்சியப்படுத்துகிறார், அத்தை என்று அழுதாள். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை, நீதான் தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிறாய் என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் நீ அவளிடம் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தையைக் கொஞ்சினதாகச் சொல்.

உன் அம்மா


அன்பு மகனுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். முதல் கடிதத்தை நீ படித்துவிட்டு முணுமுணுத்திருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு இதைப் படி. உட்கார்ந்து படி.

நெட்டை வந்திருந்தான். அப்பாவுக்கு அடுத்த மேசையில் நிற்பவன், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுவானே, அவன். அப்பாவின் பெட்டியில் இருந்ததை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தான். ரப்பர் ஏப்ரன், குறடு, துடைக்கிற துணி. துணியை யாரோ துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதில் அவர் வாசனையாவது இருந்திருக்கும்.

எச்சரித்த சக தொழிலாளி நெட்டைதான் என்று அவன் வாயாலேயே சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாசற்படியில் நின்றபடியே திட்டினேன். கூடவே நின்று சாப்பிட்டுவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தாயே என்றேன். அவன் பையைக் கீழே வைத்தான். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"அண்ணி, அவர் காதை வெச்சுக் கேட்டார். வழக்கம்போலதான் கேட்டார். நல்லாச் சீறிட்டு, அப்புறம் மெல்லிசா ஒரு சத்தம் வந்துட்டே இருந்துச்சு, ஊசி மாதிரி. எனக்கே கேட்டுச்சு. அவர் முடிஞ்சதுன்னு தலையாட்டிட்டு கப்ளரை எடுத்துட்டார். இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு கத்தினேன். அவர் திரும்பவே இல்லை, அண்ணி. என்னைப் பார்த்திருந்தாலாவது கையைக் காட்டியிருப்பேன்."

கத்தினேன், அவர் கேட்கவில்லை என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். அதை அலட்சியம் என்று எழுதிக்கொண்டது அலுவலகம்.

அவன் போன பிறகு அடுப்பில் கெட்டில் வைத்தேன். கொதித்து விசில் அடித்தது. அதை அணைக்காமல் அப்படியே நின்றேன், மகனே. கெட்டிலின் அடி கருகிப் போய்க் கருகிப் போய் ஒரே வருஷத்தில் புதிதாக வாங்கவேண்டி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விசில் அடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நான் கத்தினால் மட்டும் திரும்புவார். என் குரல்தான் ஊருக்கே கேட்குமே. தடித்த சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்டது. இந்த மெல்லிசான, ஊசி மாதிரிச் சத்தங்கள்தான் அவரை விட்டுப் போயிருக்கின்றன. கெட்டில் போயிருக்கிறது. கொசு போயிருக்கிறது. கடைசியில் கேஸும் போயிருக்கிறது. அவர் நன்றாகக் காது கொடுத்துத்தான் கேட்டார். சத்தம் நின்றுவிட்டது என்றே நினைத்தார்.

அப்பா மேசை இருந்த அந்தக் கழுவுகிற லைனில் இரும்புப் பீப்பாய்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தை யார் காது தாங்கும்? ஷிப்ட் முழுக்க நாம் கையால்தானே பேசுவோம். உதட்டில் விரல் வைத்தால் டீ. நெஞ்சில் கை வைத்தால் மெதுவாகப் போ. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தோம். நம் வீட்டில் சண்டை நடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். நாம் உப்பு கேட்டுக்கொண்டிருப்போம்.

மறுநாள் ஆலைக்குப் போனேன். அடையாள அட்டை இல்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். நான் மூடி போட்ட பீப்பாய்கள் இந்த வழியாகத்தான் போயின, நானும் போகிறேன் என்று உள்ளே நடந்தேன். மேற்பார்வையாளரிடம், அலட்சியம் என்பதை அடித்துவிட்டு, காது கேட்கவில்லை என்று எழுதுங்கள் என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காதுன்னு எழுதினா, அந்த லைன்ல நிக்கற எல்லாரையும் டாக்டர்கிட்ட அனுப்பணும்மா."

"அனுப்புங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். இன்னும் பத்துத் தடவை வந்தாலும் போடாதிருக்க எனக்குத் தெம்பு உண்டு. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் வேறொரு கவலை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது நீ கூடத்தில் படுத்தாய். காலையில் காபி கொடுத்தேன். நீ சோம்பல் முறித்துக்கொண்டு, "இப்பல்லாம் இங்க கொசுவே இல்லையேம்மா, சத்தமே காணோம்"னு சொன்னாய். நான் விடிய விடியக் கையால் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முழங்கை முழுக்கத் தடிப்பு. அப்பாவைப் போலவே என்று எனக்கு அன்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

நீயும் கழுவுகிற லைனில்தான் வேலைக்குச் சேர்ந்தாய். இப்போது அங்கே ஹோட்டல் ஹோட்டலாகப் போய்க் கப்ளர் மாட்டுகிறாய், பழைய பீப்பாய்களின் வால்வைக் கழற்றுகிறாய். அப்பாவைப் பார்த்துத்தான் வேலை கற்றாய். அவரைப் போலவே குனிந்து காதை வைப்பாய். நான் பார்த்திருக்கிறேன்.

மருமகளிடம் போனில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் சிணுங்கவில்லை, என் மகன் அலட்சியப்படுத்தவும் இல்லை, இரண்டும் இல்லை என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவதுகூட எனக்குக் கேட்டது. லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ பேசும்போது மட்டும்தான் அது கெடுகிறது.

இப்போது நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். அங்கே காதைப் பார்க்கிற டாக்டர் இருப்பார். மருமகளைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே. தனியாகப் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்து சொல்வாய், உன் அப்பாவின் பிள்ளைதானே. டாக்டர் எழுதிக் கொடுப்பதை அவள் எனக்குப் படித்துக் காட்டட்டும்.

அதைக் கேட்ட அன்றே நான் ஆலைக்குப் போவேன். மைப்பெட்டி வேண்டாம், பேனாவே கொண்டுபோகிறேன். அலட்சியம் என்று இருக்கிறதே, அதன் கீழேயே கையெழுத்துப் போடுகிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நான் இறங்கிவந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தச் சொல் பொய் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அவரைக் கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். என் பெயர் கிடக்கட்டும், அவனைப் போய்ப் பார் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதுவரை எந்த வளையத்திலும் குறடு வைக்காதே. மீட்டர் இல்லாத இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லு. சிரித்தால் சிரிக்கட்டும். சத்தம் நின்றுவிட்டது என்று உனக்குத் தோன்றினால், நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்.

படுக்கும்போது குழந்தையை உன் பக்கத்தில் போட்டுக்கொள். அதன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கு. அழுதால் கைக்குத் தெரியும்.

நல்லா இரு, என் கண்ணே.

உன் அம்மா