ஜீவரத்தினத்தைக் கப்பல் ஏற்ற வேண்டாம்

ஆம்பூர்
1927 பிப்ரவரி 9

கர்த்தருக்குள் பிரியமான மகள் சம்பூர்ணத்துக்கு உன் அப்பா துரைசாமி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் தம்பி இருதயராஜ் வீட்டாரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், பர்மாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஜீவரத்தினத்தை ஈஸ்டர் கழித்துக் கப்பல் ஏற்ற வேண்டாம். பிள்ளை உன்னோடேயே இருக்கட்டும். உங்களை ஊழியத்துக்கு அனுப்பிய சங்கத்தாரும் சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் கடிதம் முத்திரை எல்லாம் போட்டுப் பிறகு வரும், அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்று மூன்று நாளாக எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ இந்தக் கடுதாசிய முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு கல்யாணமே ஆயிடும் என்கிறாள்.

ஆமாம் மகளே, இது என் கையெழுத்து. இத்தனை வருஷமும் போல நான் சொல்லச் சொல்ல நம் சபை உபதேசியார் எழுதியது அல்ல. முழங்கால் வலி வந்த பிறகு தோல் பதனிடுகிற ஷாப்பில் என்னைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து ஆவாரம்பட்டைக் கொட்டகைக்குக் காவல் வைத்தார்கள் அல்லவா, அங்கே கணக்கு எழுதுகிற சர்தார் பாஷா போன ஆடி மாதம் என்னைப் பார்த்து, இன்னா பெரியவரே, பட்டைக் கட்டு மேல சும்மா குந்திகினு இருக்கியே, நாலு எழுத்து கத்துக்கினா என் பேஜாராவது கம்மியாவும் இல்ல, என்று சிலேட்டை மடியில் போட்டார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஜாஸ்தி திட்டினார், ஒரு நாளும் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. வாசிக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது, பெட்டியிலிருந்த உன் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

உன் கடிதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் உபதேசியார் சபை முழுவதுக்கும் வாசிப்பார், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். எல்லாக் கடிதமும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆனால் போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் நீ எழுதியதை நானே வாசித்தபோது, நான் கேட்டே இராத நாலு வரி அதில் இருந்தது. பிள்ளைக்கு எட்டு வயதானதும் வேலூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்று சங்கத்தில் சட்டம் இருக்கிறது அப்பா என்கிறது வரை உபதேசியார் வாசித்திருந்தார், அதற்குக் கீழே, எனக்கு மனம் வரவில்லை, அவள் பர்மா பாஷை பேசுவதால்தான் இங்கே பெண்கள் எனக்குக் கதவு திறக்கிறார்கள், வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அதைக் காட்டி நிறுத்திக்கொள்வேன், என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துக் கூட்டுவதில் தப்போ என்று சர்தார் பாஷாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் அதையேதான் வாசித்தார். அந்த வரிகளைக் கேளாமல் நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். பேத்தி வேலூருக்கு வந்தால் மாதம் ஒரு தரம் பார்க்கலாமே என்று சந்தோஷமாக அனுப்பு என்றேன், உபதேசியாரும் அதை அழகாக எழுதிப் போட்டுவிட்டார். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. பதினாலு மாதம் உன் அப்பாவை நீ என்னவென்று நினைத்திருப்பாய் என்று எண்ணி அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை அவர். அறுபது பேர் உக்காந்து கேக்குறாங்க துரைசாமி, மிஷனரியம்மாவே புள்ளைய வுட மாட்டேன்னு அழுவுதுன்னு படிச்சா நாளைக்கு எவன் தன் பொண்ண ஊழியத்துக்கு அனுப்புவான், என்றார். கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சங்கக் கூட்டம் எப்போது என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரி கடைசியில் வேலூரில் கூட்டம். சர்தார் பாஷா தன் கோட்டு ஒன்றைக் கொடுத்தார், கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டு காட்பாடி வரை ரயிலிலும் பிறகு ஜட்கா வண்டியிலும் போனேன். சங்கத் தலைவரான போதகர் என்னைக் கண்டு, கடிதத்தைக் காரியதரிசியிடம் கொடுங்கள், அவர் சீக்கிரம் வாசித்துவிடுவார் என்றார். நான் எழுந்து, அவரு வேகமா படிப்பாருங்க அய்யா, வேகத்துல ஒண்ணு ரெண்டு வரி வுட்டுப்போவும், நானே படிக்கிறேன், என்றேன். சங்கத்தாரில் ஒருவராய் அங்கே உட்கார்ந்திருந்த நம் உபதேசியார் தரையைப் பார்த்தார். விரல் வைத்து வாசித்தேன், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் ஒரு மூப்பர், பர்மாக்காரியா வளர்ந்துட்டா நாளைக்கு நம்மள்ல யாரு அவள கட்டுவான் என்றார். எட்டு வயசுப் பொண்ணுக்கு இப்பவே எதுக்குங்க மாப்பிள்ள பாக்குறீங்க என்றேன், சிரித்துவிட்டார்கள். வெள்ளைக்கார மிஷனெரிமார் தங்கள் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்புகிறார்களே என்று காரியதரிசி ஆரம்பித்தார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கலவையிலிருந்து வந்த பைபிள் ஸ்திரீ அமிர்தவள்ளியம்மா எழுந்தாள். ஊழியத்துக்கு ஊர் ஊரா போறேன்னு நானும் என் புள்ளைய அஞ்சு வயசுல விடுதியில வுட்டேன், நல்லாதான் படிக்குது, லீவுக்கு வந்தா என்னை வாங்க போங்கன்னு கூப்புடுது, என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் தமிழ் என்ன ஆகும் என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். அறுபத்தாறு வயசுல பட்டைக் கொட்டாயில எனக்கு வந்துதே அய்யா, பெத்தவ மடியில அவளுக்கு வராதா, என்றேன். கை தூக்கச் சொன்னார். உபதேசியார் கைதான் முதலில் எழுந்தது. இனி மிஷனெரி பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்பது பெற்றவர்கள் இஷ்டம் என்று எழுதிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் உபதேசியாரும் நானும் ஒரே பொட்டலக் கடலையைத் தின்றுகொண்டு வந்தோம்.

சிறியவனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே, மழைத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதே. மாப்பிள்ளை ஆற்றில் படகேறிப் போகிற நாட்களில் இருட்டுவதற்கு முன் திரும்பச் சொல். நீ என்னிடம் எதையும் ஒளிக்காமல் எழுது, இனி உன் கடிதத்தை நான்தான் முதலில் பிரிப்பேன், சபைக்கு வாசிக்க வேண்டியதை நான் வாசிப்பேன், எனக்கு மட்டும் என்கிறதை நான் வைத்துக்கொள்வேன். பேத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஆசை உன் மடியை விடப் பெரியது அல்ல. நம்மைக் காக்கிற தேவன் உங்கள் நாலு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து ஆசீர்வதிப்பாராக. மறக்காதே, விடுதிக்கென்று ஜீவரத்தினத்துக்குத் தைத்து வைத்திருப்பாயே பாவாடை சட்டை, அதையெல்லாம் இன்றைக்கே எடுத்து உடுத்திவிடு. வளருகிற பிள்ளை, வைத்திருந்தால் சின்னதாகிப் போகும்.

உன் அப்பா
துரைசாமி