சேர்ந்தே சுற்றிய சக்கரங்கள்

ஜனவரி 8

டெல்லிப் பனிமூட்டம். எதிர் பிளாக்கே கண்ணில் படவில்லை. இந்தக் குளிரிலும் இவர் குல்லாவை மாட்டிக்கொண்டு, பூங்காவுக்குப் போக வாசலில் நிற்கிறார்.

பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலது கையும் பேச்சும் போயின. தமிழில் நாலு வார்த்தை திரும்பியது. காலமெல்லாம் ஆபீஸில் பேசிய ஹிந்தி மட்டும் வரவேயில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இவர் உயிர் இப்போது பூங்காவின் ஓபன் ஜிம்மில்தான் இருக்கிறது. அங்கே தோளுக்கான சக்கரம், ஒரு தூணின் இரு பக்கமும் ஆளுக்கொன்று. இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் தன்வர்ஜி, ரிடையர்டு போலீஸ்காரர். தன்வர்ஜி ஹிந்தியில் "சலோ" என்பார், போகலாம் என்று; இருவரும் சுற்றத் தொடங்குவார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஹிந்தி போய்விட்டது. அப்புறம் என்னதான் சிரிப்போ!

போன வாரம் வலது கையால் தலை சீவிக்கொண்டார். அந்தச் சக்கரத்துக்குக் கோயிலே கட்டலாம்.

ஜனவரி 15

வேறொரு பூங்காவில் ஒரு குழந்தையின் விரல் ஜிம் கருவியில் சிக்கி நசுங்கிவிட்டதாம். பாவம். எல்லா ஓபன் ஜிம்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்று, பூங்காக்களைக் கவனிக்கும் எங்கள் துறையில் உத்தரவு. ஜூனியர் இன்ஜினியரான எனக்கு வந்த பூங்காக்களில் எங்கள் காலனியினுடையதும் ஒன்று. நம் வீட்டு வேலை மாதிரிதானே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜனவரி 17

அடித்தளக் கான்கிரீட் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. யாராவது விழுந்தால் மண்டை உடையும். ஒரு போல்ட்டுக்கு மூடி இல்லை. இதெல்லாம் சரிசெய்துவிடலாம்.

கடைசியாகச் சக்கரம். இந்தப் பக்கம் சுற்றினேன். அந்தப் பக்கமும் சுற்றியது.

நடுவே பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. விதிப்படி ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். அங்கே ஒருவர் வேகமாக இழுத்தால் இங்கே பிடித்திருப்பவரின் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும்.

அதைக் குறித்துக்கொள்ளும்போதுதான் சுரீரென்றது. அப்படியானால் இத்தனை நாள் சுற்றியது தன்வர்ஜியா? இவர் கை சும்மா ஒட்டிக்கிட்டுப் போயிட்டு வந்ததா? கை வந்துடுச்சு, கை வந்துடுச்சுன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டேனே, நான் என்ன லூசா?

ஆனால் சீப்பு? சீப்பைத் தன்வர்ஜியா பிடித்தார்?

ஜனவரி 18

சக்கரத்தைப் பற்றி அறிக்கையில் எழுதவா, விடவா? சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜனவரி 20

எழுதிவிட்டேன். விரல் நசுங்கிய குழந்தையின் அம்மா நானாக இருந்தால்? அந்த ஒரு நினைப்பில் கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் வந்து சக்கரத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள்.

தன்வர்ஜி ஓடி வந்தார். இடது கையில் டீ கிளாஸ், வலது கை வழக்கம்போல் சால்வைக்குள். "பாபிஜி, மத் பந்த் கரோ" என்றார், மூடாதீங்க அண்ணி என்று. எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஹிந்தியில் கெஞ்சினார். அத்தனை பெரிய மனுஷர், என் புருஷனுக்காக. அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான் என்றேன். அப்படியா சொன்னேன்?

ஜனவரி 27

இவர் என்னிடம் பேசுவதில்லை. இருந்த நாலு வார்த்தையும் நின்றுவிட்டது.

பிப்ரவரி 6

பெங்களூரிலிருந்து ஜ்யோத்ஸ்னா பேசினாள். டெல்லியில் பிறந்த என் மகளின் தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும், இன்று வரவில்லை. "மம்மி, ரூல்படி நீ கரெக்ட்தான். லேகின் பப்பாக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு?" என்றாள்.

"யாருக்காவது கை ஒடிஞ்சா?"

"அதுவும் சரிதான்."

எல்லாமே சரி என்றால் நான் எதைத்தான் பிடித்துக்கொள்வது? இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடி தொங்கிப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 19

ஒருவழியாக வேலை முடிந்தது. புது பேரிங். கீழே ரப்பர் விரிப்பு. பக்கத்தில் பலகை: ஒரு சக்கரத்துக்கு ஒருவர் மட்டும். வாசகம் நான் எழுதிக் கொடுத்ததுதான். நாளை விதிப்படி பயன்படுத்தும்போது ஒரு படம் எடுத்து அனுப்பினால் கோப்பு முடிந்துவிடும்.

நாளைக்கு இவர் கை அசையவில்லை என்றால்? எல்லார் முன்னாலும்?

பிப்ரவரி 20

கூப்பிட்டதும் இவர் வந்துவிட்டார். தன்வர்ஜி முன்பே வந்து நின்றிருந்தார். "சலோ" என்றார்.

இவர் வலது கையை வைத்தார். என்னால் பார்க்க முடியவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புது பேரிங் சத்தமே போடாதே, அதனால் நிமிர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சுற்றுகிறது. முழுசாக. மறுபடியும். இவரேதான்!

அந்தப் பக்கச் சக்கரம்தான் நின்றுகொண்டிருந்தது.

தன்வர்ஜியின் வலது கை அதன் மேல் இருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. தோள் எழவில்லை. கையை எடுத்துவிட்டு அசடாகச் சிரித்தார். "ஜாம் ஹை, பாபிஜி." ஒரு வருஷமாகத் தோள் இறுகிக் கிடக்கிறதாம். மாணிக்கம் சாப்தான், அதாவது இவர்தான், சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாராம், தன்வர்ஜியின் கை சும்மா கூடப் போய்க்கொண்டிருந்ததாம். ஆரம்பத்தில் யார் கையை யார் சுற்றிவிட்டார்கள் என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றார்.

அன்றைக்கு அவர் கெஞ்சியது யாருக்காக? நான் அழுதது யாருக்காக?

இவர் சுற்றுவதை நிறுத்தினார். தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அந்தப் பக்கம் போனார். தன்வர்ஜியின் கையை எடுத்துச் சக்கரத்தில் வைத்து, பக்கத்திலேயே தன் வலது கையையும் வைத்தார்.

"சலோ" என்றார் இவர்.

இரண்டு பேர், ஒரு சக்கரம், பின்னால் என் பலகை. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். படம் எடுக்கவில்லை. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் போய், நானே ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துக்கொள்கிறேன்.