ஹனீபா நானாவின் கடை இல்லாத படம்

ரவி, என் செல்லத் தம்பி,

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோதுகூட, "அக்கா, ஊர் மீட்டிங் எப்ப வைக்கிறாங்கன்னு கேட்டு வை" என்றாய். போன மாதம் வைத்தார்கள். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் மாத்தளை நாலந்தா பக்கத்துச் சின்ன டவுனுக்கு நாம் எடுத்த வேலைதான். கடைத்தெருவை அகலமாக்கி, இரண்டு பக்கமும் நடைபாதை போடுவது. நான் பிளான் போட்டேன். நீ நீர்வண்ணத்தில் படங்கள் வரைந்தாய். "பிளானை மேலேருந்து பாக்கணும். யாரும் பறந்து கடைக்குப் போறதில்லையே அக்கா. நான் தெருவுல நின்னு வரையுறேன்" என்று அங்கே போய் நின்றாய். கடைசிப் படம் மழை விட்ட தெரு. குடையோடு இரண்டு பெண்கள், ஈரத்தில் மின்னும் புதிய நடைபாதை, இடது மூலையில் வெறும் நிலம்.

அந்த வெறும் நிலத்தில் இன்றைக்கு நிற்பது ஹனீபா நானாவின் கடை. மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறார். தெரு அகலமாகும்போது அது போய்விடும். நானாவிடம் பேசிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது என்று பிரதேச சபைத் தலைவர் நம்மிடம் சொல்லியிருந்தார், நினைவிருக்கிறதா?

மீட்டிங்குக்கு முந்தின நாள் தலைவர் நம் ஆபிசுக்கு வந்தார். உன் படங்களை ரசித்துத்தான் பார்த்தார். பிறகு அந்த மூலையில் விரலை வைத்தார்.

"மிஸ், இந்த இடத்துல பெரிய மரம் ஒண்ணு போட்டுடுங்களேன். வெறுமையா இருக்கு."

"அங்க மரம் வைக்க இடமில்ல சேர். லொறி திரும்புற மூலை."

"படத்துலதானே? வரையுற யாரையாவது புடிச்சுப் போட்டுடுங்க. வெறும் மூலையைப் பாத்தா ஆளுங்க கேள்வி கேப்பாங்க. ஏன் தேவையில்லாத பிரச்சினை? இது நல்லபடியா முடிஞ்சா விளையாட்டு மைதான வேலையும் உங்களுக்குத்தான்."

அவர் போனபிறகு படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? செத்துப்போனவன் என்பதற்காக உன்னைப் பெரிய நியாயவானாக்க மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் வானத்தை நீலமாக்கிக் கொடுத்தவன் நீ. ஆனால் வராத மரத்தை நீ எங்கேயும் நட்டதில்லை. படத்தில் கைவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் பிளானைத் திரையில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் படங்கள் வந்ததும் மண்டபமே கலகலத்தது. அது நம்ம பேக்கரி, இது சலூன் என்று ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். கடைசிப் படத்துக்கு ஹனீபா நானா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தங்கச்சி, இது எந்த மூலை?"

"உங்க மூலைதான் நானா."

"அப்ப என்ட கடை எங்க?"

தலைவர் என்னையே பார்த்தார்.

"ரோட்டுக்குப் போகுது நானா. பிளான்ல அப்படித்தான் இருக்கு."

"பிளான்ல கோடுதானே இருந்திச்சு. முன்னுக்குக் கொஞ்சம் வெட்டுவாங்கன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் சரின்னேன். முழுக் கடையுமா?"

அவர் சத்தம் போடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்துப் பேக்கரி முதலாளி எழுந்து, இன்னும் யார் யார் கடை போகிறது என்று சிங்களத்தில் கேட்டார். அதன்பிறகு யாரும் நாற்காலியில் இல்லை. எல்லோரும் உன் படங்களைச் சுற்றி நின்று, தங்கள் கடை வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நானா கடை நிற்கிறது, ரவி. திருப்பத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். பேக்கரிக்காரர் தன் வாசலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். நானாவுக்கு முன்விறாந்தை மட்டும் போகிறது. நடைபாதை அந்த இடத்தில் ஒடுங்கிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. விளையாட்டு மைதான வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. தலைவர் கண்டால் சிரிக்கிறார், போன் எடுப்பதில்லை.

தெரு மாறிவிட்டதால் புதுப் படம் வேண்டும். உக்குவளையிலிருந்து ஹிமாலி என்றொரு பிள்ளை வந்திருக்கிறாள். அவள் படங்களில் நிறம் உன்னுடையதைவிட அழுத்தம். உன்னைப் போல வரையச் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உன் மேசையை அவளுக்குக் கொடுத்தேன். உனக்குக் கோபமா? அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் நானும் ஹிமாலியும் அந்தத் தெருவுக்குப் போகிறோம். ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். இனி எந்த ஊரானாலும், யாருடைய கடை போகிறதோ அவருக்கு முதலில் படத்தைக் காட்டுவேன். சம்மதம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
மாலதி அக்கா
மாத்தளை