வானொலியில் வரும் தகப்பன்

பிளேஸ்டோ, லண்டன்
20.01.2004

அன்புள்ள தவமலருக்கு,

உம்முடைய கால்வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு ஜெயகௌரி எழுதுகிறாள்.

ஜெர்மனியில் ஒரு கிழவருக்கு வீடு கூட்டினேனல்லவா? யுத்தத்தில் துவக்குப் பிடித்துவிட்டு, பிறகு கவிதையும் வானொலி நாடகமும் எழுதிப் பேரெடுத்தவர். ஒருநாள் என் யுத்தத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அதை நாடகமாக்கிப் பரிசு வாங்கினார். எனக்குத் தன் பழைய கோட்டைத் தந்தார். இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

ஜெயகௌரியின் புருஷன் ஞானேஸ்வரன் அந்த நாடகத்தைத் தமிழாக்கி, யாருடைய கதையென்று தெரியாமல் நேற்று எனக்கே வாசித்துக் காட்டினார்.

"என்ன கற்பனை பாத்தியளே, ஐயா!"

"ஓம் தம்பி" என்றேன்.

மாசியில் அது வானொலியில் வருகிறது. அங்கும் கேட்குமாம். மகனின் நீலச்சட்டையில் தாய் சிவப்பு நூலால் தைத்த பொத்தான் என்றதும் உமக்கு விளங்கிவிடும். எங்கள் குகன் படகேறி இந்தியாவுக்குப் போனான் என்று நான் சொன்னது பொய். சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்து, "உங்கட மகனா?" என்று ஆமிக்காரன் கேட்டான். தெரியாது என்றேன். குகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

"ஐயா, இதையும் எழுதவோ?" என்கிறாள் ஜெயகௌரி. எழுது என்கிறேன்.

நாடகத்தில் அந்தத் தகப்பன் கடைசியில் திரும்பி ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடிப்பான். அதை நம்பவேண்டாம். அது கிழவர் சேர்த்தது.

இனிக் குகனின் சைக்கிளுக்கு எண்ணெய் போடவேண்டாம், யாருக்காவது கொடும். ஜெயகௌரி அழுகிறாள், நிறுத்துகிறேன். வேப்பம்பூ வடகம் முடிந்துவிட்டது. மனம் வந்தால் அனுப்பும்.

கந்தவனம்
(கைநாட்டு)